மூலைக்கடையும் மாலும்: வீட்டு உறுதியை ஈடு வைக்கலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 56. கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கை முனையில், மாமனார் காலத்திலிருந்து நடக்கும் பலசரக்குக் கடை. கட்டடம் வாடகை. எழுத்தில் எதுவும் இல்லை, மாதாமாதம் 18,000 ரூபாவைக் கையில் கொடுப்பதுதான் பழக்கம். கணவர் நான்கு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். மகனும், ஒன்பது வருடமாகக் கூட நிற்கும் ஒரு பொடியனும்தான் துணை. எட்டு மாதத்துக்கு முன், நடந்து போகும் தூரத்தில் மூன்று மாடி மால் ஒன்றைத் திறந்தார்கள். கீழ்த்தளம் முழுக்க சுப்பர்மார்க்கட். அதுவரை நாளொன்றுக்கு 40,000 ரூபா அளவில் ஓடிய வியாபாரம் இப்போது 26,000 ரூபாவில் நிற்கிறது.

அந்த இடத்தில் காணியின் விலை ஏறிவிட்டதென்று கட்டட உரிமையாளர், நொத்தாரிசு முன்னால் இரண்டு வருடக் குத்தகைக் கடதாசி ஒன்றில் கையொப்பம் வைக்கச் சொல்கிறார். மகனோ, அம்மாவின் சீதன வீட்டு உறுதியை வங்கியில் ஈடு வைத்து 35 இலட்சம் எடுத்துக் கடையை ஏசி போட்ட மினி சுப்பர்மார்க்கட்டாக மாற்றுவோம், இல்லாவிட்டால் கட்டாருக்குப் போகிறேன் என்கிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் மாலை மூடச் சொல்லி வழக்குப் போட ஆளுக்கு 25,000 ரூபா சேர்க்கிறார்கள். இதற்கு மேல், கொப்பியில் ஊர்க் கடன் 380,000 ரூபா கிடக்கிறது.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "போன கிழமை எங்கட ஒழுங்கைப் பிள்ளை ஒன்று வந்தது. ஒரு கையில் மாலின் பை. உள்ளே பால்மா, சவர்க்காரம், பிஸ்கட் எல்லாம் இருக்கு. என்னிடம் அரைத் தேங்காய் கேட்டு, கொப்பியில் எழுதுங்கோ மாமி என்றது. எழுதினேன். இரவு முழுக்க நித்திரை இல்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அரைத் தேங்காயை நானும் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காசு அங்கே, கடன் இங்கே என்பது உங்கள் மனதில் எவ்வளவு வலித்திருக்கும் என்று விளங்குகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சட்டம் சம்பந்தமான அவசரங்களைப் பார்ப்போம், ஏனென்றால் உங்களிடம் மூன்று பேர் மூன்று கையொப்பம் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்: வழக்குக்கு ஒன்று, குத்தகைக்கு ஒன்று, ஈட்டுக்கு ஒன்று. இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரை எதிலும் பேனையை வைக்க வேண்டாம்.

வழக்குப் போட்டு மாலை மூட முடியுமா?

முடியாது. நேராகச் சொல்வதற்கு மன்னிக்கவும். உங்கள் 25,000 ரூபா வீணாகப் போவதைவிட இது பரவாயில்லை.

பெரிய கடைக்குப் பக்கத்தில் சின்னக் கடை இருந்தால் பெரிய கடை திறக்கக்கூடாது என்று இலங்கையில் சட்டம் இல்லை. சில நாடுகளில் அப்படி இருந்திருக்கிறது. பிரான்ஸ் 1973இல் பெரிய கடைகள் திறப்பதற்கு முன் உள்ளூர்க் குழு ஒன்றின் அனுமதி வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அதே வருடம் ஜப்பானும் சிறுகடைகளைக் காக்கப் பெரிய கடைகளுக்கான சட்டம் ஒன்றை இயற்றி, 2000ஆம் ஆண்டுவரை வைத்திருந்தது. இங்கே அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பது நியாயமான அரசியல் கோரிக்கை, நானும் அதற்குக் கையெழுத்து வைப்பேன். ஆனால் இல்லாத சட்டத்தைக் காட்டி ஒரு நீதிபதியிடம் நிவாரணம் கேட்க முடியாது. சட்டபூர்வமான தொழிலைச் செய்யும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உங்களுக்கும் தருகிறது, அவர்களுக்கும் தருகிறது.

"அவர்கள் கொள்வனவு விலையை விடக் குறைத்துப் பருப்பு விற்கிறார்கள், இது குற்றம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். குறைத்து விற்பது மட்டும் குற்றமாகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளை விசாரிக்க இடமிருக்கிறது. ஆனால் வாரக்கடைசியில் பருப்பும் சீனியும் மலிவு என்பதை அந்த வரையறைக்குள் கொண்டுவந்து நிரூபிப்பது மிகக் கடினம். அவர்கள் செய்வது எல்லா ஊரிலும் நடக்கும் வியாபாரத் தந்திரம்தான். ஆட்களுக்கு விலை மனப்பாடமாக இருக்கும் நாலைந்து சாமான்களில் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு கூட்டத்தை உள்ளே எடுப்பார்கள். உள்ளே வந்தவர் கூடையில் போடும் மற்ற முப்பது சாமான்களில் இலாபம் எடுப்பார்கள். கம்பனியிடம் நேரே லொறிக்கணக்கில் வாங்குவதால் அவர்களுக்குக் கிடைக்கும் கழிவு உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே மைசூர்ப் பருப்பு விலையில் அவர்களோடு மல்லுக்கட்டுவதை இன்றோடு விடுங்கள்.

அதே சட்டத்தின் மறுபக்கம் உங்களைக் கடிக்கக்கூடியது. குளிர்ப்பெட்டிச் செலவுக்கென்று சோடாவில் அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபா வைப்பது, விலைப்பட்டியலைத் தொங்கவிடாமல் இருப்பது எல்லாம் சின்னக் கடைகளில் சாதாரணம். வர்த்தமானியில் உச்ச விலை நிர்ணயித்த பொருளை அதற்கு மேல் விற்றால், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தனி வியாபாரிக்குக்கூட 100,000 ரூபாவிலிருந்துதான் தண்டம் தொடங்குகிறது. உங்கள் மூன்று நாள் விற்பனையே அவ்வளவு வராது. கவனமாக இருங்கள்.

பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து உருப்படியாகச் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மாலுக்கு வரும் வாகனங்களை ஒழுங்கை வாயில் நிறுத்துவதால் மீன்பிடிக்குப் போகும் ஆட்களின் சைக்கிள்கூட உங்கள் கடைக்கு வர முடிவதில்லை, மழைக்கு வடிகால் அடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களுக்குப் பலம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி மன்றத்திடம் கேளுங்கள்: அந்தக் கட்டடத்துக்கு எத்தனை வாகனத் தரிப்பிடம் காட்டி அனுமதி எடுத்தார்கள், வடிகாலுக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறீர்கள்? காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். நிபந்தனை ஒன்று, நடப்பது வேறொன்று என்று தெரிந்தால், அந்தக் கடதாசியோடு போய் ஒழுங்கை வாயைத் திறக்கச் சொல்லலாம். வழக்குக்கென்று சேர்க்கும் காசில் நூறில் ஒரு பங்கு போதும்.

இரண்டு வருடக் குத்தகைக் கடதாசி

"நொத்தாரிசு எழுதின கடதாசி இருந்தால் எனக்குப் பாதுகாப்புத்தானே" என்கிறீர்கள். அந்த இரண்டு வருடத்துக்குப் பாதுகாப்பு. அதற்குப் பிறகு?

நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டுமென்றால் நொத்தாரிசு உறுதியாக எழுதப்பட வேண்டும். இது 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஆகவே இன்றைக்கு நீங்கள் இருப்பது மாத வாடகையில். வெளிப்பார்வைக்கு அது பலவீனமாகத் தெரியும். ஆனால் உங்கள் கட்டடம் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வருமானால், உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் உங்களை எழுப்ப முடியாது. அந்தச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். வருமா வராதா என்பது சோலைவரிக்காக உள்ளூராட்சி மன்றம் கணிக்கும் கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியையும், எப்போது, யாருக்கு வாடகைக்கு விடப்பட்டது என்பதையும் பொறுத்தது. பழைய சோலைவரிப் பத்திரங்களும் மாமனார் காலத்து வாடகைப் பற்றுச்சீட்டுகளும் இருந்தால் தேடி எடுங்கள். பழைய பெட்டியில் இருக்கும் ஒரு துண்டுக் கடதாசி இந்த விஷயத்தில் பெரிய உதவி செய்யும்.

இனி அந்தப் புதுக் கடதாசி. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒன்று, நொத்தாரிசு எழுதிய குத்தகை முடிந்ததும் இடத்தை மீட்டெடுக்க உரிமையாளருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. அதாவது, ஐம்பது வருடப் பழைய வாடகைக்காரியாக இருக்கும் நீங்கள் ஒரு கையொப்பத்தோடு, இன்ன திகதியில் வெளியேறுகிறேன் என்று ஒப்புக்கொண்ட புதிய குத்தகைக்காரியாக மாறிவிடலாம். உரிமையாளர் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார் என்று நான் சொல்லவில்லை. மால் பக்கத்தில் வந்தால் காணிக்காரருக்குக் கனவு வருவது இயல்பு. ஆனால் அவருடைய கனவுக்கு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் வைக்கத் தேவையில்லை.

அவரோடு சண்டை போடாமல், "என்னுடைய சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் அண்ணை" என்று மட்டும் சொல்லுங்கள். இந்த மாதத்திலிருந்து வாடகையைக் கையில் கொடுக்க வேண்டாம். வங்கிக் கணக்குக்குப் போடுங்கள், அல்லது உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கணவரின் பெயரில் இன்னும் எழுதுகிறார் என்றால் அதை இப்போதே மாற்றச் சொல்லுங்கள். திடீரென்று வாடகையை வாங்க மறுத்தால் பயப்பட வேண்டாம். வாடகைச் சட்டத்துக்குட்பட்ட இடத்துக்கு வாடகையை உள்ளூராட்சி மன்றத்தில் கட்டி வைக்க ஏற்பாடு உண்டு. "மூன்று மாதம் வாடகை தரவில்லை" என்று பின்னால் யாரும் சொல்ல இடம் வைக்கக்கூடாது. எப்படியும் குத்தகைதான் எழுதுவது என்று முடிவானால், ஐந்து வருடத்துக்குக் குறையாமல், புதுப்பிக்கும் உரிமையோடு, வாடகை எவ்வளவால் கூடும் என்பதையும் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து எடுங்கள்.

வீட்டு உறுதி

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நூற்றுக்குப் பத்து இலாபம் நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளுக்கு 26,000 என்றால் மாத விற்பனை 780,000. இலாபம் 78,000. அதில் வாடகை 18,000, மின்சாரம் 9,000, பொடியனின் சம்பளம் 30,000 போக உங்கள் கையில் மிஞ்சுவது 21,000 ரூபா. மால் வருவதற்கு முன் அதே கணக்கில் 63,000 மிஞ்சியது. இந்த வித்தியாசம்தான் உங்கள் வீட்டு அடுப்பில் தெரிகிறது.

இப்போது மகன் கேட்கும் கடன். வங்கி சொன்ன 14 வீத வட்டியில் 35 இலட்சத்தை ஏழு வருடத்தில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 65,600 ரூபா. மால் பறித்த விற்பனை முழுவதும் திரும்பி வந்தாலும் உங்களுக்கு மிஞ்சக்கூடியது 63,000தான். தவணைக்கே காணாது, சகோதரி. ஏசி ஓடினால் மின்சாரம் 9,000த்தில் நிற்கப்போவதும் இல்லை. மகனையும் பக்கத்தில் இருத்தி, இந்தக் கணக்கை ஒரு தாளில் அவருடைய கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அது நன்றாக விளங்கும்.

"சின்னக் கடனுக்கு வங்கி வீட்டை ஏலம் போட முடியாதாம்" என்று மகன் சொன்னது பாதி உண்மை. நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரம் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வங்கிகளுக்கு உண்டு. குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த கடன்களை அதிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அதன் அர்த்தம், வங்கி வழக்குப் போட்டு, தீர்ப்பு எடுத்து, பிறகு விற்கும் என்பதுதான். காலம் கொஞ்சம் கூடும். வீடு போவது போவதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அது உங்கள் சீதன வீடு. நம் பகுதி வழக்கப்படி அடுத்து மகளுக்கு என்றுதான் நீங்கள் நினைத்து வைத்திருப்பீர்கள். கடிதத்தில் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "மட்டக்களப்பில் படிக்கிறாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை" என்று. சட்டப்படி உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் அவளுடைய சம்மதம் தேவையில்லை. ஆனாலும் அவளிடம் சொல்லாமல் செய்ய உங்களுக்கு மனம் வரவில்லை என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. அந்த மனம் சொல்வதைக் கேளுங்கள்.

மகனைக் குறை சொல்ல எனக்கு வரவில்லை. கண் முன்னால் கடை தேய்வதைப் பார்த்துக்கொண்டு இருபத்தாறு வயதில் சும்மா இருக்க முடியாது. அவர் கட்டாருக்குப் போனால் அது உங்களை விட்டு ஓடுவதாகாது. கடையில் இரண்டு பேர் பங்கு போட 21,000 போதாது என்ற கணக்கின் முடிவாகவும் அது இருக்கலாம். போவதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவர் மூலம்தான் போக வேண்டும். அதற்கும் உறுதியை வைக்கக் கூடாது.

இன்னும் சில, சுருக்கமாக

மொத்த வியாபாரிகளுக்குப் பின்திகதியிட்ட காசோலை கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விற்பனை விழுந்த பிறகும் பழைய தொகையில் எழுதிக்கொண்டிருந்தால் ஒரு நாள் திரும்பும். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கொள்வனவை இப்போதே குறையுங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவு இன்னும் காலமான கணவரின் பெயரில் இருந்தால், மரணச் சான்றிதழோடு பிரதேச செயலகத்துக்குப் போய் மாற்றத்துக்கு வழி கேளுங்கள்.

அந்தப் பொடியனுக்கு ஒன்பது வருடமாக ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை போலிருக்கிறது. "ஒரே ஒரு ஆள், அவனும் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்கிறீர்கள். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும்: உங்கள் பங்கு 12 வீதம், அவருடைய பங்கு 8 வீதம். அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம். 30,000 சம்பளத்தில் உங்கள் கையிலிருந்து மாதம் 4,500 போகும். கசக்கும்தான். ஆனால் நிலுவை மேலதிகக் கட்டணத்தோடு சேர்ந்து வளரும். நாளைக்குக் கடையை மூடினால் அவர் தொழிற் திணைக்களத்துக்குப் போவதற்கு முன் நீங்களே போய்த் தவணை முறையில் கட்ட ஒழுங்கு கேட்பது நல்லது. வீட்டுப் பிள்ளை மாதிரி என்றால் அந்தப் பிள்ளைக்கும் வயது போகும்.

கடையை எப்படி நிலைநிறுத்துவது

நான் வியாபாரி இல்லை. ஆனால் சின்ன வியாபாரிகளின் கடதாசிகளை இருபது வருடமாகப் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கென்னத் ஸ்டோன் என்ற பொருளியல் பேராசிரியர், பெரிய வால்மார்ட் கடைகள் வந்த சிறு நகரங்களை வருடக்கணக்காக ஆராய்ந்தார். பெரிய கடை விற்கும் அதே சாமானை விற்றவர்கள் இழந்தார்கள், பெரிய கடையில் இல்லாததை விற்றவர்களுக்கு அங்கே வந்த கூட்டத்தால் வியாபாரம் கூடியது என்பது அவர் கண்டது. அயோவாவும் திருகோணமலையும் ஒன்றில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் நீங்கள் அறியாமலே இதை எழுதியிருக்கிறீர்கள்: குறைந்தது பால்மா, சவர்க்காரம், நூடில்ஸ், பிஸ்கட். குறையாதது அரைத் தேங்காய், நூறு கிராம் நெத்தலிக் கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை, விடியப்புறம் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் பாணும், கிண்ணியாத் தயிர்.

மாலில் யாரும் அரைத் தேங்காய் விற்பதில்லை. விடியப்புறம் நாலு மணிக்கு அங்கே விளக்கும் எரிவதில்லை. ஆகவே 35 இலட்சத்துக்கு ஏசி போடுவதற்குப் பதிலாக, ஓடாத சாமான் இருக்கும் தட்டுகளைப் பாதியாக்கி, அந்தக் காசைத் தம்பலகாமத்து அரிசியிலும் தயிரிலும் கருவாட்டிலும் போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் ஒவ்வொரு நாளும் வரவு செலவை எழுதுங்கள். ஆறு மாத முடிவில் உங்கள் கையில் மாதம் 35,000கூட மிஞ்சவில்லையென்றால், கடையை மூடுவதைப் பற்றி அமைதியாகப் பேசலாம்.

"மூடினால் அவருடைய ஆத்துமா மன்னிக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் இல்லாமல், வீடு கையில் இருக்க, பொடியனின் நிலுவையையும் கட்டி முடித்துக் கதவைப் பூட்டுகிறவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவரும் சொல்ல மாட்டார். ஆனால் அந்த முடிவை இந்த மாதம் எடுக்க வேண்டாம்.

கொப்பிக் கடன்

"எழுதி வைத்திருக்கிறேன், எப்போதென்றாலும் கேட்கலாம்" என்பது உங்கள் நம்பிக்கை. இதுதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் கவலை தந்த வரி. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, கடையில் விற்ற சாமானுக்கான கணக்கு, கொப்பிக் கடன் ஆகியவற்றுக்கு வழக்குப் போடக் கிடைக்கும் காலம் ஒரு வருடம்தான். ஆம், ஒரே ஒரு வருடம். உங்கள் 380,000இல் எவ்வளவு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று இன்றிரவே பிரித்துப் பாருங்கள்.

தாண்டியது போய்விட்டதென்று அர்த்தமில்லை. கடன்பட்டவர், "இன்ன திகதிவரை இவ்வளவு தர வேண்டும், மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தால் அந்தக் கடனுக்கு மறுபடி உயிர் வரும். எழுத்தில் கொடுத்த வாக்குறுதிக்கு ஆறு வருட அவகாசம் இருக்கிறது. வாயால் "தாறன் மாமி" என்பது நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே புதுக் கொப்பி ஒன்று எடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். மேலே பழைய நிலுவை, கீழே தவணை, ஓரத்தில் திகதியும் கையொப்பமும். கடல் தொழில் செய்யும் வீடுகளுக்கு வாடைக்காற்றுக் காலத்தில் தவணை போடாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் படகு கரையில் கிடக்கும்போது கேட்டால் பொய்தான் வரும். பங்குனிக்குப் பிறகு கேட்டால் காசு வரும். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கையொப்பம் வைக்க மறுக்கும் ஒன்றிரண்டு பேர் எப்படியும் இருப்பார்கள். அவர்களில் தொகை பெரிதாக உள்ளவர்களை மத்தியஸ்த சபைக்கு அழையுங்கள். சிறிய தொகைப் பிணக்குகளை முதலில் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை, தெரிந்த ஊர் மனிதர்கள் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து பேசுவதுதான். இணக்கம் வந்தால் எழுதித் தருவார்கள்.

இனி அந்த அரைத் தேங்காய்ப் பிள்ளை. அவள் உங்களை ஏமாற்றினாள் என்று நினைக்கிறீர்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். சம்பளம் வந்த அன்று கையில் இருந்த காசோடு மலிவான இடத்துக்குப் போயிருக்கிறாள். காசு முடிந்த பிறகு, வெட்கப்படாமல் கேட்கக்கூடிய ஒரே இடத்துக்கு வந்திருக்கிறாள். பையை ஒளித்துக்கொண்டு வர அவளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் உங்களை அவள் கடைக்காரியாக நினைக்கவில்லை, மாமியாக நினைக்கிறாள். அந்த உறவுதான் இந்தக் கடையை இவ்வளவு காலம் நிலைநிறுத்தியது. 380,000 ரூபாவை வெளியில் நிற்க வைத்திருப்பதும் அதுதான். இரண்டையும் பிரிக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. அடுத்த முறை வந்தால் தேங்காயைப் பாதியாக உடைத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது புதுக் கொப்பியையும் பேனையையும் அவள் பக்கம் தள்ளி, "இதில் ஒரு கையெழுத்து வை பிள்ளை, மாசக் கடைசியில் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு 3,000 ரூபாவுக்கு மேல் கடன் இல்லை என்று ஒரு எல்லையும் போடுங்கள். எல்லோருக்கும் ஒரே எல்லை, தம்பி தங்கைக்கும் அதே எல்லை. கோபித்துக்கொண்டு ஒன்றிரண்டு பேர் போவார்கள். போகட்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று எழுதியிருந்தீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு கட்டணமில்லாமல் ஆலோசனை தரும். போகும்போது சோலைவரிப் பத்திரம், கிடைத்த வாடகைப் பற்றுச்சீட்டுகள், கணவரின் மரணச் சான்றிதழ், வியாபாரப் பெயர்ப் பதிவு, உரிமையாளர் தந்த குத்தகை நகல், பழைய கொப்பி எல்லாவற்றையும் கொண்டு போங்கள். வீட்டு உறுதியின் மூலப் பிரதியை மட்டும் கொண்டு போக வேண்டாம். போட்டோப் பிரதி போதும்.